கோப்பியும் கொழுந்தும்: மஸ்கெலியாப் பள்ளத்தாக்கின் தாவரச் சூழலும் சமூக வரலாறும்

சூழலியல் என்னும் அறிவுத்துறை நமது கலைப்பீடங்களில் இன்றுவரை விருந்தாளியாகவே நடத்தப்பட்டு வருகின்றது. தாவரவியலாருக்கும் புவியியலாருக்கும் உரியது அதுவென்று இலக்கிய மாணவர் ஒதுங்கிக்கொள்வர். சமூக வரலாற்று மாணவரோ நிலவுடைமை, கூலி, மூலதனம் என்பவற்றை விரிவாக ஆராயும்போதும், அந்த நிலத்தின்மீது எத்தனை அங்குல மழை பெய்தது, எந்த மாதத்திற் பெய்தது என்று கேட்பதில்லை. தமிழிலக்கண மரபு இவ்விடயத்தில் நம்மைவிடக் கூர்மையுடையதாய் இருந்தது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டு, அவற்றினின்று மரமும் பூவும் விலங்கும் உணவும் தொழிலும் கருப்பொருளாய்த் தோன்றுவதாகத் தொல்காப்பியம் வகுத்தது. இது தற்காலச் சூழலியலாகிவிடாது. பழந்தமிழர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தனர் என்று பெருமை கொள்ளுவதற்கும் இது ஆதாரமன்று. எனினும் தாவரத்தையும் தொழிலையும் ஒரே தொகுதியில் வைத்து நோக்கும் பார்வை அதில் உண்டு. 1974ஆம் ஆண்டில் கா. சிவத்தம்பி திணைக் கோட்பாடு பற்றி எழுதிய கட்டுரை, அதனைச் செய்யுள் வழக்காக மட்டும் கொள்ளாது, பண்டைத் தென்னிந்தியச் சமூகத்தின் சமனற்ற வளர்ச்சியை விளக்கும் சான்றாகக் கையாண்டது. அந்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலைநாட்டிற்குப் பிரயோகித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களமாக மஸ்கெலியாப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கின்றோம்.

முதலில் சில அடிப்படைக் கருத்துக்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். 1802இல் அந்தீசு மலைத்தொடரின் சிம்பொராசோ மலையில் ஏறிய அலெக்சாந்தர் வொன் ஹம்போல்ட், மலையடிவாரத்திலிருந்து மேலே செல்லச் செல்லத் தாவரங்கள் பட்டை பட்டையாக மாறுவதைக் கண்டார். வெப்பம், ஈரப்பதன், காற்றழுத்தம் ஆகியவற்றின் மாற்றங்களோடு அதனைத் தொடர்புபடுத்தினார். 1807இல் வெளிவந்த அவரது தாவரப் புவியியல் நூல் இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று. சூழலியல் என்பதற்குரிய ஐரோப்பியச் சொல்லை 1866இல் ஆக்கியவர் ஜெர்மானிய உயிரியலாளரான ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். உயிரிகள் தனித்தனியே வாழ்வதில்லை, மண்ணும் நீரும் ஒளியும் நுண்ணுயிரும் அடங்கிய ஒரு தொகுதியாகவே இயங்குகின்றன என்னும் எண்ணம் 1935இல் ஆர்தர் தான்சிலியின் கையில் 'சூழற்றொகுதி' என்ற பெயர் பெற்றது. இவற்றோடு லீபிக்கின் பெயரையும் சேர்த்து நினைத்தல் வேண்டும். ஒரு தாவரத்தின் வளர்ச்சியை நிர்ணயிப்பது மிகுதியாகக் கிடைக்கும் பொருளன்று, மிகக் குறைவாகக் கிடைக்கும் பொருளே என்று அவர் வலியுறுத்தினார். மார்க்ஸ் லீபிக்கை ஊன்றிப் படித்தவர். மண்ணிலிருந்து எடுக்கப்படுவது மண்ணுக்குத் திரும்பாமற் போவதை மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான வளர்சிதை மாற்றத்தின் குலைவாக 'மூலதனம்' நூலில் அவர் நோக்கினார். நம்மவர் பலர் மார்க்ஸைப் படிக்கையில் இப்பகுதியை வேகமாகக் கடந்துவிடுகின்றனர்.

ஹம்போல்ட் சிம்பொராசோவிற் கண்டதை நாம் களனி கங்கையின் வழியே காணலாம். ஆயிரம் மீற்றர் உயரத்திற்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் என்ற அளவில் வெப்பம் குறைகின்றது. கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 பாகையளவினதாயின், 4,000 அடி உயரத்தை அண்மித்த மஸ்கெலியாவில் அது இருபது பாகையளவிலும், நுவரெலியாவில் பதினாறு பாகைக்கு அண்மையிலும் நிற்கும். இவ்வெப்பச் சரிவின்மீது மழையின் கணக்கு வந்து விழுகின்றது. மே முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து, 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையையும் அதன் தொடர்களையும் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவிற் சில இடங்கள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெறுவது இதனாலேயே. அதே காற்று மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரமிழந்து, வெப்பமும் வறட்சியுமாய் ஊவாவை அடைகின்றது. ஊவாத் தேயிலையின் சிறந்த பருவம் யூலை முதல் செப்தெம்பர் வரையும், மஸ்கெலியா, டிக்கோயா, டிம்புள்ளப் பகுதிகளின் சிறந்த பருவம் சனவரி முதல் மார்ச் வரையும் அமைவதற்கு இந்த மலைமுகடே காரணம். ஒரே செடி, ஒரே தீவு. ஆயினும் மலையின் எப்பக்கத்தில் நிற்கின்றது என்பதே அதன் பஞ்சாங்கத்தைத் தீர்மானிக்கின்றது.

இச்சரிவில் முன்னர் நின்றது அடர்ந்த காடு. அதன் எச்சம் சிவனொளிபாதமலை வனப்பகுதியில் இன்றும் உண்டு. 1940இல் சரணாலயமாக்கப்பட்ட இப்பகுதி 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. தாழ்ந்த சரிவுகளில் நெடிதுயர்ந்து நிற்கும் மரங்கள் மேலே செல்லச் செல்லக் குட்டையாகி, கிளை முறுகி, இலை சிறுத்துத் தடித்துப் பாசி போர்த்து நிற்கும். குளிரும் இடையறாக் காற்றும் மண்ணின் வறுமையும் ஒருங்கே வடித்த உருவம் அது. உயர்மலைக் காட்டில் முகில் தங்கும்போது இலையும் பாசியும் அதன் ஈரத்தை வடித்தெடுத்து மண்ணுக்கு இறக்குகின்றன. மழைமானியிற் பதிவாகாத இந்நீரும் ஓடைகளுக்கு ஊட்டமாகும். அக்காட்டின் கீழ்த்தளத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து மடியும் செடிகளைச் சிங்களவர் 'நெலு' என்பர். நீலகிரியில் நாம் குறிஞ்சி என்று அழைப்பதும் அதே பேரினத்தைச் சேர்ந்ததே. திணைக்குப் பெயர் கொடுத்த செடியின் உறவினம் மஸ்கெலியாவின் மேலைக் காட்டில் நின்றது. அக்காட்டை வெட்ட வந்த தமிழருக்கு அதனைக் குறிஞ்சியென்று பெயரிட்டு அழைக்க ஓய்விருந்திராது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காலநிலை தாவரத்தை வடிக்கின்றது என்ற உண்மையிலிருந்து, காலநிலை சமூகத்தையும் வடிக்கின்றது என்ற முடிவுக்குத் தாவியவர் பலர். மொந்தெஸ்கியூ தொடக்கம், 1915இல் 'நாகரிகமும் காலநிலையும்' எழுதிய எல்ஸ்வேத் ஹண்டிங்டன் வரை இவ்வரிசை நீண்டது. வெப்பநாட்டு மக்கள் சோம்பேறிகள், குளிர்நாட்டார் ஆளப் பிறந்தவர் என்ற பேரரசுவாதக் கூற்றுக்கு இவ்வாதம் அறிவியற் போர்வை கொடுத்தது. இதற்கு எதிர்வினையாக நம்மிற் சிலர் மறுகோடிக்குச் சென்று, மழையும் மண்ணும் பின்னணித் திரைதான், நாடகம் முழுவதும் உற்பத்தி உறவுகளில் நிகழ்வது என்பர். இவ்விரு நிலைப்பாடுகளும் மஸ்கெலியாவில் தோற்றுப்போகின்றன.

இலங்கையிற் பெருந்தோட்டக் கோப்பி 1820களில் கம்பளை, கண்ணொறுவைப் பகுதிகளில் தொடங்கியது. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் தாமே தோட்டக்காரராகியது அக்கால ஆட்சியின் வர்க்கத் தன்மையை ஒளிவுமறைவின்றிக் காட்டுவதாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடியின் உடைமையாகக் கருதியது. கண்டிக் கிராமத்தவன் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய நிலம் இதனால் விற்பனைப் பண்டமாயிற்று. டிக்கோயாவும் மஸ்கெலியாவும் இவ்வலையிற் பிந்தி அகப்பட்டவை. 1860களின் பிற்கூறிலும் 1870களிலுமே இப்பள்ளத்தாக்குகளிற் கோடரி பரவலாக விழுந்தது. மொக்கா என்ற பெயரில் இங்கு ஒரு தோட்டம் இன்றும் உண்டு. அரபு நாட்டுக் கோப்பித் துறைமுகத்தின் பெயர் அது. இன்று அத்தோட்டத்தில் விளைவது தேயிலை.

காட்டை அழித்த முறை கவனிக்கத்தக்கது. மலையின் அடிச்சரிவிலிருந்து மரங்களைப் பாதியளவு வெட்டிக்கொண்டே மேலேறி, உச்சி வரிசையை முழுதாக வீழ்த்துவர். அவை சரிந்து கீழுள்ளவற்றையும் சாய்த்துக்கொண்டு விழ ஒரு மலைச்சரிவு முழுவதும் சில கணங்களில் வெறுமையாகும். காய்ந்தபின் தீ. சாம்பலிற் கோப்பிக் கன்று. ஈரவலயக் காட்டின் ஊட்டச்சத்திற் பெரும்பங்கு மண்ணிலன்று, உயிருள்ள மரங்களிலும் உதிர்ந்த இலைப்படையிலுமே சேமிக்கப்பட்டுள்ளது. மரத்தை எரிக்கும்போது அச்சேமிப்பு ஒரே நாளிற் பணமாக்கப்படுகின்றது. அடுத்த பருவமழை அதில் ஒரு பகுதியை ஆற்றிற் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. 1876ஆம் ஆண்டளவில் ஏங்கல்ஸ் எழுதி முற்றுப்பெறாது விட்ட, குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரையில் கியூபாவின் எடுத்துக்காட்டு ஒன்று வருகின்றது. ஸ்பானியத் தோட்டக்காரர் மலைச்சரிவுக் காடுகளை எரித்தனர். கிடைத்த சாம்பல் ஒரு தலைமுறைக் கோப்பிக்குப் போதுமாயிருந்தது. பின்னர் வெப்பவலய மழை மண்ணைக் கழுவிச் சென்று பாறை மிஞ்சியதைப் பற்றி அவர்களுக்கென்ன கவலை என்று அவர் கேட்கின்றார். ஏங்கல்ஸ் அதனை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் மஸ்கெலியாவின் சரிவுகள் புகைந்துகொண்டிருந்தன.

ஆட்சியாளர் இதனை அறியாதிருந்தனர் என்று கூறுவதற்கில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் யோசப் ஹூக்கர் மலையுச்சிக் காடுகளை அழிப்பதன் விளைவுகளைச் சுட்டி எச்சரித்தார். 1873இல், 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பதற்குத் தடை ஏற்பட்டது. காடு அழிந்தால் மழையே நின்றுவிடும் என்ற அக்கால நம்பிக்கை மிகையானது. இந்துமாக்கடலிலிருந்து வரும் பருவமழையை மஸ்கெலியாவின் மரங்கள் கூட்டவோ குறைக்கவோ செய்வது சொற்பமே. ஆனால் பெய்த நீர் எவ்வளவு காலம் மலையிற் தங்குகின்றது, ஓடையாக வருகின்றதா வெள்ளமாக வருகின்றதா என்பதைக் காடு தீர்மானிக்கின்றது. அவ்வகையில் அத்தடை பயனுடையதே. சிவனொளிபாதமலையைச் சுற்றிய வனம் இன்று எஞ்சியிருப்பதில் அதற்குப் பங்குண்டு. எனினும் எச்சரிக்கை பலித்தது 5,000 அடிக்கு மேலேதான். கீழே கோப்பி விளையும் நிலத்தில் எவ்வகை அறிவியலும் கேட்கப்படவில்லை.

1869ஆம் ஆண்டில் இரு நிகழ்வுகள். ஆபிரகாம் ஜோசப் என்பார் கோப்பிச் செய்கையைப் பொருளாகக் கொண்டு 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யை வெளியிட்டார். மலையகத் தமிழிலக்கிய வரலாற்றாசிரியர் பலர் இதிலிருந்தே தொடங்குவர். அதே ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பி இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரிகள் இங்கிலாந்து சென்றன. பெர்க்லியும் புரூமும் அதனைப் புதிய பங்கசு எனக் கண்டு ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ் என்று பெயரிட்டனர். பின்பகுதியின் பொருள் அழிப்பது. பயிரைப் பாடும் நூலும் பயிரைத் தின்னும் பங்கசும் ஓராண்டிற் தோன்றியமை தற்செயலே. ஆயினும் இலக்கிய வரலாறெழுதுவோர் முன்னதை மட்டும் குறித்துப் பின்னதை விட்டுவிடுவது தற்செயலன்று.

அராபிக்காக் கோப்பி எதியோப்பிய மலைக்காட்டின் நிழலில் வளரும் சிறுமரம். இலங்கையில் அது நிழலகற்றப்பட்ட வெயிலில், மைல்கணக்காக, வேறு செடி குறுக்கிடாது நடப்பட்டது. ஒரு பங்கசின் நோக்கிற் பார்த்தால் இது முடிவற்ற உணவுக்களம். அதன் வித்திகள் காற்றிற் செல்வன. முளைப்பதற்கு இலையின்மேல் நீர்த்துளி வேண்டும். பருவக்காற்று இரண்டையும் ஒரே வேளையிற் கொண்டுவந்து சேர்த்தது. 1880இல் அனுப்பப்பட்ட ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் ஈராண்டுகள் இங்கு தங்கி, இப்பங்கசின் வாழ்க்கை வட்டத்தைக் கண்டறிந்தார். வித்திகள் காற்றின்வழி பரவுவதையும், காட்டை முற்றாக நீக்கி ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமை நோய்க்கு வழிதிறந்ததையும் அவரது ஆய்வு புலப்படுத்தியது. தோட்டக்காரர் அவரிடம் எதிர்பார்த்தது மருந்தை; அவர் கொடுத்ததோ விளக்கம். அதனால் அவர்பால் அவர்களுக்கு மதிப்பு ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

வியப்புக்குரியது யாதெனில், நோய் தோன்றிய பின்னரே மஸ்கெலியாவிற் கோப்பி பெருகியது. 1870களில் உலகச் சந்தையிற் கோப்பி விலை உயர்ந்தது. ஏக்கருக்குரிய விளைச்சல் வீழ்ந்தபோதும் இறாத்தலுக்குரிய விலை அதை மறைத்தது. பழைய தோட்டங்களில் இலை உதிர, முதலாளர் கடன் வாங்கிப் புதிய காட்டை வெட்டினர். சூழற்றொகுதியின் நெருக்கடியை விலைப்பட்டியல் பத்தாண்டுக்காலம் மறைத்து வைத்திருக்க முடிந்தது என்பதே இவ்வத்தியாயத்தின் மிக முக்கியமான செய்தி எனக் கருதுகின்றேன். மறைப்பு 1880களின் தொடக்கத்தில் நீங்கியது. பிறேசிலின் உற்பத்தி பெருகி விலை விழ, 1884இல் ஓரியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் முறிந்தது. இடையிற் சின்கோனாவை நட்டனர். எல்லோரும் ஒருங்கே நட்டதால் கொயினா மரப்பட்டையின் விலையும் நொறுங்கியது. கோப்பித் தோட்டத் தொழிலாளர் பலர் பல மாதச் சம்பளம் கிடைக்காமலே கைவிடப்பட்டனர்.

தேயிலை இவ்விடத்திற் பிரவேசிக்கின்றது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிற் தொடங்கியதும், 1875இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 1,000 ஏக்கராயிருந்தது நூற்றாண்டின் இறுதியில் 380,000 ஏக்கரளவுக்குப் பெருகியதும் யாவரும் அறிந்தவை. சூழலியல் நோக்கில் தேயிலை மேற்குச் சரிவிற்குக் கோப்பியினும் பொருத்தமான பயிர். அமிலத் தன்மையுள்ள மண்ணை அது விரும்புகின்றது. ஆண்டு முழுவதும் பரந்த மழையை நாடுகின்றது. குளிரிற் சாகாது, மெதுவாக வளர்ந்து மணமேறுகின்றது. அறுவடை செய்யப்படுவது கனியன்று, தளிர் என்பது யாவற்றிலும் முக்கியம்.

கோப்பி மரம் வறண்ட இடைவெளியின் பின் விழும் மழையிற் பூத்து, ஆண்டிற்கு ஒருமுறை பழுக்கும். ஆகவே ஓகஸ்ட் முதல் ஆண்டிறுதி வரையான சில மாதங்களுக்கே பெருந்தொகையான கைகள் தேவைப்பட்டன. தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து, பழம் பறித்து, ஊர் திரும்பினர். வழியில் வாந்திபேதியில் இறந்தவர் திரும்பவில்லை. தேயிலையோ மஸ்கெலியாவின் குளிரிலும் மழையிலும் எந்த மாதத்திலும் துளிர்விடுவதை நிறுத்துவதில்லை. ஏறத்தாழ வாரத்திற்கு ஒருமுறை அதே தூருக்குத் திரும்பிக் கொழுந்தெடுக்காவிடின் இலை முற்றிப்போகும். எனவே நிரந்தரமாகக் குடியிருக்கும் உழைப்பு தேவையாயிற்று. குடியிருப்பதற்குக் குடும்பம் தேவையாயிற்று. கொழுந்தெடுக்கப் பெண்கள் தேவைப்பட்டனர். லயம், பிள்ளைக்காம்பரா, தோட்டக் கோயில், தோட்டப் பள்ளி, மலையகத் தமிழர் என்ற தேசிய இனத்துவ உணர்வு ஆகியவற்றின் பின்னே, ஓய்வின்றித் துளிர்க்கும் ஒரு செடியின் இயல்பும் அதற்கு இடங்கொடுத்த இருபருவ மழையும் உண்டு.

எனினும் செடி தன் விருப்பப்படி ஒருவரையும் லயத்தில் அடைக்கவில்லை. சீனத்திலும் யப்பானிலும் அதே செடியைச் சிறு உழவர் தத்தம் காணியில் வளர்த்தனர். இலங்கையின் தாழ்நாட்டிலும் சிறுபற்றாளர் இன்று பெருமளவில் வளர்க்கின்றனர். இடையறாத அறுவடை என்பது செடியின் விதி. அதற்குரிய உழைப்பு எட்டடிக் காம்பராவிற் கடன்பட்டுக் கங்காணியின் கீழ்க் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பது மூலதனத்தின் விதி. காலநிலை எல்லைகளை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் எது நிகழும் என்பதை நிலம் யாருடையது என்ற கேள்வி நிர்ணயிக்கின்றது. மேலும், இங்கு பணியாற்றிய காலநிலை மஸ்கெலியாவினது மட்டுமன்று. 1876 முதல் 1878 வரை பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசுபிக் பெருங்கடலின் வெப்பநிலை மாற்றத்தோடு தொடர்புடைய வறட்சி அதுவென்று இன்றைய காலநிலையியல் கூறுகின்றது. ஆனால் வறட்சியைப் பஞ்சமாக்கியது, தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே நிவாரணத்தைச் சுருக்கிய ஆட்சி. அப்பஞ்சம் தமிழகத்தின் நிலமற்றோரைக் கண்டிச் சீமைக்குத் தள்ளியது. ஒரே இந்துமாக்கடற் பருவக்காற்று ஒரு கரையிற் பொய்த்து உழைப்பாளரை அனுப்பியது. மறுகரையிற் பெய்து அவர்களுக்கு ஓயாத வேலையைக் கொடுத்தது.

தேயிலை இயல்பில் ஒரு மரம். விட்டால் முப்பது அடிக்கு மேல் வளரக்கூடியது. அது இடுப்பளவுப் பற்றையாக நிற்பது கத்தியினாலும் கையினாலும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரந்தோறும் தளிர் கிள்ளி, பூக்கவும் காய்க்கவும் விடாது அதனை நிரந்தரக் குழந்தைப் பருவத்தில் நிறுத்தி வைக்கின்றனர். தரிசாக விட்ட நிலம் படிப்படியாகப் புல், பற்றை, மரம் என்று காட்டை நோக்கி நகரும் என்பது சூழலியலின் வழிமுறைக் கோட்பாடு. மஸ்கெலியாவில் அந்நகர்வைத் தடுத்து நிறுத்தும் விசை தொழிலாளரின் உழைப்பே. ஆட்பற்றாக்குறையாற் கைவிடப்பட்ட மலைகளில் மானாப்புல்லும் பற்றையும் ஏறித் தேயிலை மரமாக உயர்வதை இன்று காணலாம். சுற்றுலா விளம்பரங்கள் இயற்கை எழில் என்று வருணிக்கும் அந்தப் பச்சைக் கம்பளம், நூற்றைம்பது ஆண்டுக்கால நாட்சம்பளத்தின் விளைவு.

நாட்சம்பளத்தின் கதையிலும் காலநிலை உண்டு. ஏப்பிரல், மே மாதங்களிற் கொழுந்து பொங்கும். யூன், யூலை மழையிலும் இருளிலும் குறையும். சனவரி முதல் மார்ச் வரை இரவில் குளிரும் பகலில் வெயிலும் வறண்ட காற்றுமாய் வளர்ச்சி தளர, இலையின் மணம் செறிகின்றது. கொழும்பு ஏலத்தில் மேற்குச் சரிவுத் தேயிலை சிறப்பு விலை பெறும் காலம் அதுவே. ஆனால் கொழுந்து அப்போது குறைவு. குறித்த இறாத்தல் எடுக்க இயலாதவளுக்கு அரைப்பேர். செடியின் மிக விலையுயர்ந்த பருவம், அதனைக் கிள்ளுபவளின் மிக மெலிந்த பருவமாய் அமைகின்றது. இம்முரணை மழையின்மீது சுமத்திவிட முடியாது. இறாத்தற் கணக்கை எழுதியது மழையன்று.

ஒற்றைப்பயிரின் இடர் கோப்பியோடு முடியவில்லை. 1946இல் தேயிலைக் கொப்புள நோய் இலங்கையை அடைந்தது. முகிலும் ஈரமும் நிறைந்த மேற்குச் சரிவு அதற்கும் உகந்த களமாயிற்று. இம்முறை அறிவியல் முன்னேறியிருந்தது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் செப்புக் கலவைத் தெளிப்பைப் பரிந்துரைத்ததோடு, மழையையும் சூரிய ஒளியையும் அளந்து நோயின் ஏற்றவிறக்கத்தை முன்னுரைக்கவும் முயன்றனர். காலநிலையைப் பற்றிய அறிவு உற்பத்திக்கு நேரடியாக உதவிய நல்ல உதாரணம் இது. எதிர்மறை உதாரணமும் உண்டு. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க 1930களின் நடுப்பகுதியில் யாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. மிகச் சிறந்த பயன் கிடைத்தது. பின்னர் 1950களிலும் 1960களிலும் தண்டு துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் தெளித்தபோது, வண்டோடு குளவியும் மடிந்து, அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. உணவுச் சங்கிலியின் ஒரு கண்ணியைத் தொட்டால் எங்கே இழுபடும் என்பதற்குப் பாடநூலிற் கியூபாவையும் கலிபோர்னியாவையும் தேட வேண்டியதில்லை.

மண்ணின் கதை இன்னும் நீண்டது. களைபிடுங்கிய வெறும் சரிவில் விழுந்த மழை, கோப்பிக் காலத்திலிருந்தே மேன்மண்ணை ஆற்றுக்கு அனுப்பியது. 1947 ஓகஸ்டில் மலைநாட்டைத் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும் 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டத்திற்குத் தூண்டுதலாயின. கான் வெட்டுதல், கல்லணை கட்டுதல், சவுக்கு என்று தோட்டத்தார் அழைக்கும் கிரவீலியா மரத்தை இடைநடுதல் ஆகியன ஓரளவு தடுத்தன. இழந்த வளத்தை இறக்குமதி உரம் ஈடுசெய்தது. 2021இல் ஒரே ஆணையால் அவ்வுரம் தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில், நவெம்பரில், தடை நீங்கிற்று. எனினும் 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, அந்நியச் செலாவணி நெருக்கடியும் உர விலையேற்றமும் சேர்ந்த 2022இல் 25 கோடி அளவுக்கு வீழ்ந்தது. இயற்கை வேளாண்மை என்ற நற்பெயரில் நிகழ்ந்த இவ்வாணையில் சூழலியலுக்கு இடமிருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழுவுண்ட மண்ணுக்கு அதன் வளத்தை மீட்டுக்கொள்ளச் சில வாரங்களைத்தான் அது கொடுத்தது. கொழுந்து குறைந்ததன் இழப்பில் ஒரு பகுதி அரைப்பேராக லயத்திற்கு வந்தது.

மஸ்கெலியா நகரமே இடம்பெயர்ந்த நகரம். 1960களின் இறுதியில் மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை அணை எழுந்தபோது பழைய நகரம் நீருள் மூழ்கியது. இன்றைய நகர் கரைமேல் அமைக்கப்பட்டது. வறட்சி மிகுந்த ஆண்டுகளில் நீர் இறங்க, பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் வெளித்தோன்றுகின்றன. பார்க்கக் கூட்டம் கூடுகின்றது. இந்நீர் லக்சபானத் தொகுதியின் மின்சாரத்திற்கு ஆதாரம். அதன் கரையிலுள்ள லயங்களிற் பலவற்றிற்கு மின்விளக்கு வந்ததோ பல ஆண்டுகள் கழித்து. மேட்டில் இருக்கும் காட்டிற்கும் இவ்வாறே இரு முகங்கள். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியிற் சிக்கிப் பின்னர் இறந்தது; நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கண்டனம் நியாயமானதே. ஆனால் கண்ணி பெரும்பாலும் சிறுத்தைக்கு வைக்கப்படுவதன்று. மரக்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றிக்கே வைக்கப்படுவது. காட்டுக்கும் தேயிலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கீற்றிற் பாத்தி போட்டுத்தான் சம்பளத்தின் குறையை ஈடுசெய்ய வேண்டியுள்ளது என்ற செய்தி எந்தப் பாதுகாப்பு அறிக்கையிலும் முதலிடம் பெறுவதில்லை.

லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதும் ஒரு சூழலியற் கேள்வியே. நல்ல மண்ணும் மிதமான சரிவும் தேயிலைக்கு. மேடும் காட்சியும் துரையின் பங்களாவுக்கு. தேயிலைக்கு உதவாத பள்ளங்களும் ஓடைக்கரைகளும் செங்குத்துச் சரிவின் அடிவாரங்களும் பெரும்பாலும் லயத்திற்கு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோதும், 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் இவ்வரைபடம் மாறவில்லை. 2014 ஒக்தோபர் 29ஆம் திகதி காலையிற் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று அதிகாரிகள் பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவித்திருந்தனர். வெளியேறுமாறு கூறப்பட்டவர்களுக்குப் போவதற்கு ஒரு காணித்துண்டு இருக்கவில்லை. அதன் பின்னர் குடும்பத்திற்கு 7 பேர்ச் என்ற அளவில் வீட்டுக்காணி பற்றிய திட்டங்கள் வந்தன. மஸ்கெலியாவின் மேற்குச் சரிவில் ஆண்டுதோறும் தென்மேற்கு மழை இறங்கும்போது, சரிவு அபாய எச்சரிக்கை கிடைத்த லயத்தார் இன்றும் பாடசாலைக்கோ கோயிலுக்கோ சில நாட்கள் பெயர்ந்து, மழை விட்டதும் அதே காம்பராவிற்குத் திரும்புகின்றனர். அருகே, உறுதியான சமநிலத்தில், தேயிலை நிற்கின்றது.